குறட்டை விடுபவனை அப்படியே விட்டுவிடாதீர்கள்

அளவு மீறிய ஹெராயின் ஆளை உடனே சாய்ப்பது குறைவு. மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில்தான் உயிர் போகிறது. காப்பாற்ற அவகாசம் இருக்கிறது. அதைத்தான் நம் மலேசியத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் "போதையில தூங்குறான், விடு, பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்" என்று கதவைச் சாத்தி வீணாக்குகிறோம்.

தொண்டையில் தண்ணீர் கொதிப்பதுபோல் கரகரக்கும் குறட்டை தூக்கமல்ல. மூச்சுக்குழாய் அடைபடும் சத்தம். பெயர் சொல்லிக் கத்துங்கள். மடக்கிய விரல் முட்டிகளால் நெஞ்செலும்பில் அழுத்தித் தேயுங்கள். அசைவில்லை, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் ஆம்புலன்ஸுக்கு 999 அழையுங்கள். நம் நிறத்தில் உதடு நீலமாவது சட்டென்று தெரியாது. ஈறும் நகக்கண்ணும் சாம்பல் பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

போனில் "திடாக் செடார், நாஃபாஸ் பெர்லாஹான்" (நினைவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது) என்று மலாயில் சொன்னால் போதும், வழக்கு விவரமெல்லாம் வேண்டாம். தோட்டத்து முகவரிதான் பெரிய தலைவலி. செம்பனைக்குள் எல்லாச் சாலையும் ஒரே மாதிரி. தோட்டப் பெயர், டிவிஷன், பக்கத்துக் கோயில் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். ஒருவர் மோட்டாரில் போய் முக்கியச் சாலை முனையில் விளக்கைப் போட்டபடி நிற்கட்டும்.

ஆம்புலன்ஸ் வரும்வரை மூச்சு உங்கள் பொறுப்பு. மல்லாத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கை அடைத்து, ஐந்து வினாடிக்கு ஒருமுறை வாயில் ஊதுங்கள். நெஞ்சு மேலெழவில்லையா? தலை சரியாகச் சாயவில்லை, அல்லது வாயில் வாந்தி நிற்கிறது. மூச்சே நின்று, உடலில் அசைவும் இல்லையென்றால் 999இல் சொல்கிறபடி நெஞ்சை அழுத்துங்கள். தானாக மூச்சு விடத் தொடங்கியதும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர், பால் எதுவும் வேண்டாம், எல்லாம் நுரையீரலுக்குள்தான் போகும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதும் தூக்கி நடக்க வைப்பதும் நேர விரயம்.

ஹெராயினை முறிக்கும் நலோக்சோன் ஊசி இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சைத் திருப்பும். நம் ஊரில் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரி மருந்து. அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான்; ஹெராயினுக்கு மாற்றாகக் கிளினிக்கில் தரும் மெத்தடோனோ ஒரு நாளுக்கு மேலும் உடம்பில் நிற்கும். ஆள் எழுந்து உட்கார்ந்ததும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தால் ராத்திரியே மறுபடி மூச்சு அடங்கலாம். சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்தானா, டோர்மிகம் என்ற தூக்க மருந்து போட்டானா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிறையிலிருந்தோ அரசு போதை மறுவாழ்வு மையமான புஸ்பெனிலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு வாரம்தான் மிக மோசம். உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், கை பழைய அளவையே எடுக்கும். அந்த நாள்களில் தனியறை வேண்டாம், தாழ்ப்பாளும் வேண்டாம். மெத்தடோன் தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவைத் தானாகக் குடிக்கக் கூடாது, கிளினிக்கில் சொன்னால் குறைத்துத் தருவார்கள். வீட்டுக்குக் கொடுக்கும் போத்தல் பூட்டுக்குள் இருக்கட்டும். பார்க்க இருமல் மருந்து போலிருக்கும், பிள்ளை ஒரு வாய் குடித்தாலே உயிருக்கு ஆபத்து.

கோயில் மண்டபத்தில் மண்டையோட்டுப் படம் ஒட்டிப் 'போதை ஒழிப்பு' பேசுவதால் பயனில்லை என்பது என் கருத்து. அதைப் பார்க்கும் தாய், மகனை இன்னும் ஆழமாகத்தான் ஒளிப்பாள். அதே மண்டபத்தில் இருபது நிமிடம் ஒருக்களித்துப் படுக்க வைக்கும் பயிற்சி கொடுங்கள், மாதர் பகுதி முன்வரிசையில் இருக்கட்டும்.

மனநோய்ப் பேச்சும் இதோடு ஒட்டியதுதான். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்பது சுங்கை சிப்புட்டில் இன்னும் கேலிப்பேச்சு. 1911இல் திறந்த மனநல ஆஸ்பத்திரி அது, பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கேலிக்குப் பயந்தே பலர் அரசு சுகாதாரக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தான் படியேறுவதில்லை. அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட், மனச்சோர்வைக் கண்டறிய ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. போலீஸ் பயத்தில் வாய் மூடத் தேவையில்லை. நேரில் போகக் கூசுபவருக்கு மனநல உதவித் தொலைபேசியான ஹீல் லைன் 15555, காலை எட்டு முதல் நள்ளிரவு வரை.