காம்போசிட் எல்லாம் கலப்பு ஆகாது

மொழிபெயர்ப்புப் படிகளைத் திருத்துவது என் தொழில். அதில் ‘காம்போசிட்’ என்னும் ஆங்கிலப் பெயரடையைப் போல ஆளுக்கொரு விதமாகத் தமிழாகி வரும் சொற்கள் குறைவு. ஒருவர் ‘கூட்டு’ என்பார், மற்றொருவர் ‘தொகுப்பு’ என்று தொடங்கி, அடுத்த பத்தியிலேயே ‘கலவை’க்குத் தாவியிருப்பார், பெரும்பாலானோர் யோசிக்காமல் ‘கலப்பு’ என்று போட்டுவிடுகிறார்கள். இந்தக் கடைசிச் சொல்தான் பொருளை அதிகம் கெடுக்கிறது என்பது என் கருத்து.

சேர்த்து வைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் இது. பல உறுப்புகள் சேர்ந்து ஒன்றாக நிற்க வேண்டும். அதே வேளையில், தேடிப் பார்த்தால் அவை தனித்தனியே தெரியவும் வேண்டும். பாலில் கரைந்த சர்க்கரையைப் போல ஒன்று மற்றொன்றில் மறைந்துவிட்டால் அங்கே இந்தப் பெயரடைக்கு வேலை இல்லை. இதனால்தான் செம்பும் வெள்ளீயமும் உருகிச் சேர்ந்த வெண்கலத்தைப் பொறியாளர்கள் உலோகக் கலவை என்பார்களே தவிர, காம்போசிட் என்று சொல்வதில்லை. பிசினுக்குள் கண்ணாடி இழைகளைப் பதித்துச் செய்யும் ஃபைபர் கிளாஸ் காம்போசிட்டே. இழுவிசையை இழை தாங்குகிறது, இழைகளைப் பிரியாமல் பிடித்து விசையைப் பகிர்ந்தளிப்பது பிசின். போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பு எடையில் ஏறக்குறையப் பாதி இவ்வகைப் பொருள்கள்தாம். பல் மருத்துவர் சொத்தைப் பல்லில் வைக்கும் பல் நிற அடைப்பும், பிசினில் நுண்ணிய கண்ணாடித் துகள்கள் கலக்காமல் பதிந்து கிடப்பதால் அதே பெயரைப் பெற்றது.

இந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு சூரியகாந்தியைப் பிரித்துப் பார்க்கலாம். நடுவட்டத்தில் நெருங்கி நிற்கும் சின்னஞ்சிறு குழல் ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விதை உருவாகும். சுற்றிலும் இதழ் என்று நாம் எண்ணும் மஞ்சள் நாக்குகளும் தனிப் பூக்களே. அவை விதை தராதவை. நூற்றுக்கணக்கான பூக்கள் கூடி ஒரே பூவாக நின்று வண்டை அழைக்கின்றன. இந்தக் குடும்பத்துக்குத் தாவரவியலார் முதலில் இட்ட ‘காம்போசிட்டே’ என்னும் பெயர் இன்றும் ‘ஆஸ்டரேசியே’ என்பதோடு சேர்த்தே ஏற்கப்படுகிறது.

கணிதத்தில் நம் பாடநூல்கள் நல்ல வழியைத் தேர்ந்துள்ளன. 4, 6, 8, 9 போன்றவற்றை ஆங்கிலம் ‘சேர்த்து ஆக்கப்பட்ட எண்’ என்னும் பொருளில் அழைக்க, தமிழ் ‘பகு எண்’ என்கிறது. அகராதியைப் பார்த்து எழுதியிருந்தால் ‘கூட்டு எண்’ என்று வந்து, கூட்டலோடு குழம்பியிருக்கும். யூக்ளிட்டும் கிரேக்கத்தில் சேர்க்கையைக் குறிக்கும் பெயரை இட்டுவிட்டு, வேறோர் எண்ணால் அளக்கப்படுவது என்று பகுத்தலைக் கொண்டுதான் வரையறை செய்தார்.

சொல்லைத் தவறாகப் போட்டால் பணம் இழக்க நேரும் இடமும் ஒன்று உண்டு. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜிஎஸ்டி சட்டம், ‘காம்போசிட் சப்ளை’ என்றும் ‘மிக்ஸ்டு சப்ளை’ என்றும் இரண்டைப் பிரிக்கிறது. வணிகத்தின் வழக்கமான போக்கில் இயல்பாகவே சேர்ந்து வருபவை, அவற்றுள் ஒன்று முதன்மையானதாக இருந்தால், முதல் வகை. சரக்கைக் கட்டி, காப்பீடும் செய்து, வண்டியேற்றி அனுப்புவது சட்டமே காட்டும் உதாரணம். இங்கே முதன்மைப் பொருளின் வரிவிகிதமே முழுவதற்கும் பொருந்தும். இனிப்பு, சாக்லேட், கேக், உலர்பழம், குளிர்பானம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து ஒரே விலைக்கு விற்பது இரண்டாம் வகை. உள்ளே இருப்பவற்றில் எதற்கு வரிவிகிதம் மிக அதிகமோ அதுவே பெட்டி முழுவதற்கும். தீபாவளிப் பரிசுப் பெட்டியில் ஒரு குளிர்பானப் புட்டியைச் செருகினால் முந்திரிப்பருப்பும் அதன் வரியைச் சுமக்க வேண்டியதுதான். இரண்டையும் ‘கலப்பு வழங்கல்’ என்று எழுதிய படி ஒன்று என் மேசைக்கு வந்ததுண்டு. முதலாவதைக் ‘கூட்டு வழங்கல்’, இரண்டாவதைக் ‘கலவை வழங்கல்’ என்று நான் திருத்துகிறேன். பரிசுப் பெட்டியிலும் பொருள்கள் கரைந்துவிடுவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், இங்கே சட்டம் தனித்தன்மையைப் பார்க்கவில்லை, உறுப்புகளுக்கிடையே இயல்பான உறவு இருக்கிறதா என்பதையே பார்க்கிறது. கூட்டு என்பதில் அந்த உறவு தொனிக்கிறது.

இந்திய ஆங்கிலத்தில் மட்டும் இச்சொல்லுக்கு ஒரு தனி வழக்கு உண்டு. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிவதற்கு முன்பிருந்த சென்னை மாநிலத்தையும், 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிரிவதற்கு முன்பிருந்த ஆந்திரப் பிரதேசத்தையும் ‘காம்போசிட் ஸ்டேட்’ என்று ஆவணங்களும் தீர்ப்புகளும் குறிப்பிடுகின்றன. பிரிந்த பிறகுதான் இந்த அடைமொழி ஒட்டிக்கொள்கிறது என்பது வேடிக்கை. இங்கே கூட்டும் சரிவராது, கலப்பும் சரிவராது. நாளிதழ்கள் எழுதும் ‘ஒருங்கிணைந்த’ என்பதே பொருந்தும்.

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு ஒரு குறிப்பு. பெயரடையாக வரும்போது இது பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும். அழுத்தம் பிரிட்டிஷ் வழக்கில் முதல் அசையிலும் அமெரிக்க வழக்கில் இரண்டாம் அசையிலும் விழும்.