கண்ணாடியை உருட்டி மெருகேற்றுவது

ராக் டம்ளர், அதாவது கல்லைத் தூளோடும் தண்ணீரோடும் ஒரு பீப்பாயில் போட்டு உருட்டி மெருகேற்றும் இயந்திரம், வைத்திருக்கிற பலர் கல்லைப் போடுகிற மாதிரியே உடைந்த பாட்டில் துண்டையும் போட்டுவிடுகிறார்கள், ஆனால் கண்ணாடியின் சுபாவம் வேறு. கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில், டம்ளரில் வழக்கமாகப் போடும் அகேட் கல் 6.5 முதல் 7 வரை, பாட்டில் கண்ணாடி 5.5 பக்கம்தான், அதனால் இரண்டையும் சேர்த்து உருட்டினால் அடிபடுவது கண்ணாடிதான். விளிம்பெல்லாம் பிறை பிறையாகச் சில்லு பெயர்ந்திருக்கும். அந்த அடியைத் தாங்கிக்கொள்ளச் சின்னப் பீங்கான் உருளைகளைத் தாராளமாகச் சேர்த்து, பீப்பாயை முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நிரப்புங்கள்.

கடற்கரையில் ஒதுங்கும் கண்ணாடி மாதிரி பனி படர்ந்த மங்கல் மட்டும் போதும் என்றால், 120/220 சிலிக்கான் கார்பைடு தேய்ப்புத் தூளோடு (எண் கூடக் கூடத் தூள் நைசாகும்) நிறுத்திக்கொள்ளலாம், எனக்குப் பிடித்ததும் அந்தக் கட்டம்தான். பளபளப்பு வேண்டுமா, அப்புறம் 500 தூள், கடைசியில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் துண்டு, உருளை, பீப்பாய், மூடியின் இடுக்கு எல்லாவற்றையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும், பழைய தூள் ஒரு துளி தங்கினாலும் மெருகில் கீறல் விழும். ஈரத்தில் எல்லாத் துண்டும் மின்னத்தான் செய்யும், நன்றாகத் துடைத்துக் காயவைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கார் ஜன்னல் கண்ணாடி வேண்டாம், அது பதப்படுத்தியது, உடைந்தாலே பொடிப்பொடியாகத்தான் கிடைக்கும். சாம்பல் நிறச் சேற்றுத் தண்ணீரைத் தயவுசெய்து சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் படிந்து இறுகிவிடும். ஒரு பழைய வாளியில் தெளியவிட்டுக் குப்பையில் சேருங்கள்.