புதுப் பகா எண்ணை ஓட்டிப் பார்க்கிறீர்களா? முதலில் கணினியின் ராமை (RAM, நினைவகம்) சோதியுங்கள்

நேற்று ராத்திரி 11 மணி சுமாருக்கு என் கணினியில் மீதி பூஜ்யம், அதாவது சோதித்த எண் பகா எண்தான், என்று வந்துவிட்டது. சந்தோஷம்தான், ஆனால் அதற்கு முன்னால் ஆறு நாள் ஓட்டம் வீணாய்ப் போனதும் பல்லடத்திலிருந்து கோயம்புத்தூருக்கு மூன்று தடவை பஸ் ஏறியதும் இன்னும் மனதில் ஆறவில்லை.

எண் தெரிந்ததுதான்: 2-இன் அடுக்கு 13,62,79,841, அதில் ஒன்று குறைவு. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். லூக் டுரான்ட் கண்டுபிடித்தது. 2024 அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) 'பகா எண்ணாக இருக்கலாம்' என்றது, மறுநாள் டெக்சாஸில் இன்னொன்று லூகாஸ்-லேமர் சோதனையில் (கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண்) உறுதி செய்தது, அப்புறமும் வேறு மென்பொருள், வேறு கணினி என்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் 21ஆம் தேதி இப்படிப்பட்ட பகா எண்களைத் தேடும் தன்னார்வலர் திட்டமான ஜிம்ப்ஸ் அறிவித்தது. அவ்வளவு பேர் சரிபார்த்த எண்ணை என் வீட்டு மேசையிலும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப ஆசை.

அதே சோதனையைச் செய்யும் ப்ரைம்95 மென்பொருளை இறக்கி ஓடவிடுவது பத்து நிமிட வேலை. ஒரு சுற்றுக்கு, அதாவது ஒரு பெரிய பெருக்கலுக்கு, 10 மில்லிசெகண்ட், 13 கோடிக்கு மேல் சுற்று, ஆக 16 நாள்.

நாலாம் நாள் காலையில் ரவுண்ட்ஆஃப் பிழை 0.4-ஐத் தாண்டிவிட்டது என்று ஒரு வரி. பெருக்கலைத் தசமத்தில் செய்து கடைசியில் முழு எண்ணாக்குகிறார்கள், அரைக்குப் பக்கத்தில் போனால் மேலேயா கீழேயா என்றே சொல்ல முடியாது. சூடு என்று நினைத்தேன். வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்குடோன், பெட்டியைத் திறந்தால் ப்ராசசர் ஃபேனுக்கு அடியில் பஞ்சு போர்வை மாதிரி படிந்து கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்ததும் 92 டிகிரி 71-க்கு இறங்கியது. எங்கள் பக்கத்து ஆட்கள் மாதம் ஒரு தடவை இதைச் செய்தே ஆக வேண்டும்.

ஆனால் ஆறாம் நாள் மறுபடி அதே பிழை. ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளைப் போட்டேன், விடிந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரி. எட்டு மாதத்துக்கு முன்னால் வாங்கிய 8 ஜிபி ராம்தான் காரணம்.

கடைக்காரரிடம் கொண்டுபோனால், "விண்டோஸ் நல்லாத்தானுங்களே ஓடுது, அப்புறம் என்னங்ண்ணா?" என்கிறார். பில் இருந்தால்தான் மாற்றுவாராம். வீட்டில் தேடி எடுத்தால் அந்தத் தெர்மல் பேப்பரில் ஓர் எழுத்துகூட இல்லை, வெள்ளைத்தாள். இரண்டாம் தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார். (பில் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.) மூன்றாம் தடவை மெம்டெஸ்ட் போட்ட பென்டிரைவோடு போய், "உங்க மெஷின்லயே போட்டுப் பாருங்க" என்றேன். இருபது நிமிடத்தில் முதல் சிவப்பு வரி. ஒன்றும் பேசாமல் புது ராம் எடுத்துக் கொடுத்தார்.

பிழை வந்தால் மென்பொருள் பழைய பேக்கப்புக்குப் போய்த் தொடரும், அதனால் ஆறு நாள் ஓட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நான் வைத்துக்கொள்ளவில்லை. கணக்கு இதுவரை சரியா என்று மென்பொருளே 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஜாகோபி சோதனை பிழைகளில் பாதியைத்தான் பிடிக்கும். ஒரு பிட் புரண்டு அது தப்பிவிட்டால் கடைசி வரை எல்லாமே தப்பு, 16 நாள் கழித்துப் பூஜ்யத்துக்குப் பதில் என்னவோ ஒரு எண் வந்து நிற்கும். மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் அழித்துவிட்டு முதல் சுற்றிலிருந்து போட்டேன்.

இரண்டாம் ஓட்டம் சுத்தம். இடையில் ஒரு நாள் மாதாந்திர மின்தடை, காலையிலேயே முறையாக நிறுத்தி வைத்துச் சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன், அவ்வளவுதான்.

நேற்று கடைசி லட்சம் சுற்றுக்கு அப்பாவும் தறியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். 'பகா எண்' என்ற வரி வந்ததும், "வந்துருச்சா கண்ணு?" என்று என் தோளைத் தட்டினார். எனக்குப் பேச்சே வரவில்லை.

இப்போது அதே பெட்டியில் ஒரு பழைய எண்ணுக்கான இரண்டாம் சோதனை ஓடுகிறது. முதலில் ஓட்டியவருக்கு வந்த மீதியும் எனக்கு வருவதும் ஒத்துப்போக வேண்டும். முடிய இன்னும் மூன்று நாள் ஆகும்.