வசூல் தொகையும் நுழைவுச்சீட்டும்
உலக அளவில் ஏறத்தாழ 290 கோடி டாலர் ஈட்டிய 'அவதார்' படமே எக்காலத்திற்கும் பெரிய அறிவியல் புனைவு வெற்றி என்று, நாகர்கோவில் வீட்டுத் திண்ணையில் நேற்று என் அண்ணன் மகன் உறுதியாக வாதிட்டான். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'ஸ்டார் வார்ஸ்' வெளிவந்த 1977இல் அமெரிக்காவில் நுழைவுச்சீட்டின் சராசரி விலை 2.23 டாலர், 'அவதார்' வந்த 2009இலோ அது 7.50 டாலர், முப்பரிமாணக் காட்சிகளுக்கு அதற்கும் மேல். விலைவாசி உயர்வைச் சேர்த்து அமெரிக்க வசூலை மட்டும் கணக்கிட்டால், பலமுறை மறுவெளியீடு கண்ட 'ஸ்டார் வார்ஸ்' தெளிவாக முந்துகிறது. வீட்டில் படம் பார்க்கும் வசதி அரிதாயிருந்த அக்காலத்தில், பிடித்த படத்தை மீண்டும் பார்க்கத் திரையரங்குக்கே செல்ல வேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது. 'எந்திரன்' படத்தையும் '2.0' படத்தையும் ஒப்பிடும்போதும், கோடிகளை விட்டுவிட்டு, விற்ற நுழைவுச்சீட்டுகளையே எண்ண வேண்டும் என்று அவனிடம் சொன்னேன்.