அணைக்கு ஓர் அனுமதி, பவர் ஹவுஸுக்கு இன்னோர் அனுமதி

மாணவர்களை நீர்மின் நிலையத்துக்கு அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அணையும் அதன் அடிவாரத்தில் உள்ள பவர் ஹவுஸும் ஒரே வளாகத்தில் இருந்தாலும், பல இடங்களில் அவை ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பதில்லை. பாசனத்துக்காகக் கட்டிய அணை என்றால், நீரும் மதகுகளும் பாசனத் துறையிடமும், இயந்திரங்கள் மின் துறையிடமும் இருப்பது வழக்கம். இதை எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் சொல்லவில்லை. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்ட எழுத்தரிடம், இந்த ஒரு கடிதம் எல்லா இடங்களுக்கும் போதுமா என்று தெளிவாகவே கேட்டேன். "போதும், கேட்டில் காட்டுங்கள்" என்றார்.

அணையின் மேல்தளத்தையும் ஷட்டர்களையும் எந்தத் தடையும் இல்லாமல் பார்த்தோம். அணையின் உடலுக்குள் செல்லும் ஆய்வுச் சுரங்கத்துக்கும் அழைத்துச் சென்றார்கள். கான்கிரீட்டிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு அங்கே சுவரில் வெள்ளையாகப் படிந்திருந்தது. கசியும் நீர் சிறு வாய்க்காலில் ஓடி, 'வி' வடிவ வெட்டுள்ள தகட்டின் மேல் வழிந்தது. அந்த வெட்டில் நீர் நிற்கும் உயரத்தைக் கொண்டே அன்றாடக் கசிவை அளக்கிறார்கள். பவர் ஹவுஸ் வாயிலில்தான் நிறுத்தப்பட்டோம். கடிதத்தில் 'அணைப் பகுதி' என்று மட்டுமே இருப்பதாகக் காவலர் சுட்டிக்காட்டினார். அவர் தம் கடமையைச் செய்தார். அவர் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரே ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் போதும் என்னும்போது, அத்தனை பிள்ளைகளும் கம்பிவேலிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்ப நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

சில பெரிய நிலையங்களில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. பிரேசில்–பராகுவே எல்லையில், 700 மெகாவாட் இயந்திரங்கள் 20 கொண்ட இட்டாய்ப்பு நிலையத்தில், வெளிப்புறத்தை மட்டும் காட்டும் சுற்றும் உள்ளே அழைத்துச் செல்லும் சுற்றும் வெவ்வேறானவை என்பதை முன்பே அறிவித்துவிடுகிறார்கள். எல்லா இடங்களிலும் இப்படிச் செய்வதில் என்ன சிரமம் இருக்க முடியும்?

பவர் ஹவுஸுக்குத் தனியாக அனுமதி கேட்டுப் போனபோது, மின் துறை அலுவலகத்தில் பெயர்ப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அடையாள அட்டை எண் வேண்டுமாம். அவர்கள் தந்த படிவத்திலோ அதற்கென்று இடமே இல்லை. அதையும் எழுதிக் கொடுத்த பிறகு ஒரு தேதி கிடைத்தது. அந்தத் தேதியை உறுதிசெய்ய அழைத்தபோது, நிலையத்தின் பொறியாளர் ஒருவர், "கால்வாயில் தண்ணீரை நிறுத்திய பிறகு வந்து எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். எங்கள் அலைச்சல் முழுவதிலும் மிகவும் பயன்பட்டது இந்தக் கேள்விதான்.

இத்தகைய நிலையம், மின் தேவையைப் பார்த்து ஓடுவதில்லை. வயலுக்குத் திறக்கும் நீர் டர்பைன் வழியாகச் செல்லும்போதுதான் ஓடுகிறது. 100 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 1 கன மீட்டர் நீர் இறங்கினால், 90 சதவீதத் திறனில் ஏறத்தாழ 880 கிலோவாட் கிடைக்கும். நீரே வராதபோது எவ்வளவு உயரம் இருந்தும் பயனில்லை. ஆகவே தேதி குறிக்கும் முன்பே, பாசனத்துக்கு நீர் திறக்கும் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அந்தப் பொறியாளரே வேறொரு நாளையும் சொன்னார். நீர்த்திறப்பைக் குறைத்துவிட்டதால் ஓர் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, மற்றொன்று பராமரிப்புக்காகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும் நாள் அது. ஓடும் இயந்திரத்தின் தண்டு நிமிடத்துக்கு 150 முறை சுழல்வதையும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கிடைக்க அந்த வேகத்தில் ஜெனரேட்டரில் 40 காந்த முனைகள் தேவைப்படுவதையும் மாணவர்கள் கணக்கிட்டே புரிந்துகொண்டார்கள். கழற்றி வைத்திருந்த ரன்னரின், அதாவது பிரான்சிஸ் வகை டர்பைனில் நீர் சுழற்றும் சக்கரத்தின், இலைகளோ, ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கத்தில் ஓரிடம் மட்டும் கறையான் அரித்த மரம்போலவும் இருந்தன. அழுத்தம் மிகவும் குறையும் இடத்தில் நீர் ஆவிக் குமிழ்களாகி, அவை அடுத்த கணமே நொறுங்கும்போது எஃகையும் அரித்துவிடுகின்றன. அந்தக் குழிகளை வெல்டிங் செய்து நிரப்பி, பழைய வடிவத்துக்குத் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள். விரலால் தடவிப் பார்க்க மாணவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அதுவரை பட்ட அலைச்சலுக்கெல்லாம் ஈடாக அதையே சொல்வேன்.

விண்ணப்பிப்பவர்கள் அணை, ஆய்வுச் சுரங்கம், பவர் ஹவுஸ், மின்சாரத்தை வெளியே செல்லும் கம்பிகளுக்கு அனுப்பும் சுவிட்ச் யார்டு என ஒவ்வோர் இடத்தையும் கடிதத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள். கிடைத்த அனுமதிக் கடிதத்திலும் அவை அனைத்தும் இருக்கின்றனவா என்று அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்குள் படித்துப் பாருங்கள். அடையாள அட்டையின் நகல் போதுமா, அசல் வேண்டுமா என்பதையும், படம் எடுக்கலாமா என்பதையும் எழுத்தில் பெறுவது நல்லது. குழுவில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் இருந்தால் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். ஜெனரேட்டருக்கு அருகில் காந்தப் புலம் வலுவாக இருக்கும். அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். இயந்திரத்தை இயக்கத் தொடங்கியதும் நீர்மட்டம் மளமளவென்று உயரும், சைரன் ஒலித்த பிறகு கரையேறக் கிடைக்கும் அவகாசம் குறைவு.