நிச்சயத்துக்கு முத்து மோதிரம்: எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும்

துபாயில் வேலை பார்க்கும் என் தம்பிக்குப் பெரியபட்டினத்தில் பெண் பேசி முடித்ததும், பெண்ணுக்குப் போடும் நிச்சய மோதிரத்தைக் கடையில் அடுக்கி வைத்திருப்பவற்றிலிருந்து எடுக்காமல், உம்மாவின் தாயார் விட்டுச் சென்ற முத்து ஒன்றை வைத்துப் புதிதாகச் செய்விப்பது என்று வீட்டில் முடிவு செய்தோம். கீழக்கரையின் பழைய குடும்பங்கள் சிலவற்றில் இப்படி ஒன்றிரண்டு முத்துகள் இன்னும் இருக்கின்றன. 1961-க்குப் பிறகு மன்னார் வளைகுடாவில் நம் கரையோரம் முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, நடக்கவில்லை. ஆகவே அந்த முத்துக்கு ஏதேனும் ஆகிவிட்டால் அதற்கு ஈடாக வேறொன்றைத் தேடி வாங்க முடியாது. தம்பியின் விடுப்பு நாளும் நிச்சய நாளும் குறித்தாயிற்று. மோதிரத்தைச் செய்து வாங்கும் பொறுப்பு மூத்தவளான என்னிடம் வந்தபோது, எந்த நாளில் தொடங்கினால் பதற்றமில்லாமல் முடியும் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில், ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும் என்றார்கள். "ஒரு மோதிரத்துக்கு இத்தனை நாளா?" என்று உம்மா வியந்தார். உண்மையில் பட்டறையில் ஆசாரியின் கையில் அந்த மோதிரம் இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சில நாள்கள்தான் வரும். விரல் அளவு உறுதியாவது, வரைபடத்துக்கு இரு வீட்டாரும் சரி சொல்வது, பழைய தங்கம் சுத்தமாகி வருவது, வார்ப்புக்கு முறை வருவது, தங்கத்தின் தரத்தைச் சொல்லும் ஹால்மார்க் முத்திரைக்குப் போய்த் திரும்புவது ஆகியவற்றுக்கு இடையில் காத்திருக்கும் நாள்களே மீதி முழுவதும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்பதால், செய்கூலியைக் கூட்டிக் கொடுத்தாலும் இந்த நாள்களைச் சுருக்க முடிவதில்லை.

நாள் குறிக்கும்போது நம் வீட்டு வசதியை மட்டும் பார்த்தால் போதாது, ஆசாரியின் மாதங்களையும் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஆடியும் மார்கழியும் விலக்கில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் நகைப் பட்டறைகள் ஆவணிக் கல்யாணங்களுக்கும் தைக் கல்யாணங்களுக்கும், அட்சய திருதியைக்கும் தீபாவளிக்கும் ஏற்றபடிதான் இயங்குகின்றன. ஆவணி பிறப்பதற்கு முன்பும் தை பிறப்பதற்கு முன்பும் தாலிச் செயின், ஆரம், வளையல் என்று வேலை குவிந்து கிடக்கும்போது, நுணுக்கமான ஒற்றை மோதிரம் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. ஆடியின் தொடக்கத்தில் கொடுத்தால் அதே ஆசாரி உட்கார்ந்து பேசுவார், வரைந்து காட்டுவார், மாற்றம் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டார். எங்கள் ஆர்டர் ஆடியில் அமைந்தது பெரிய வசதியாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கொடுப்பவர்கள் மழையையும் புயல் எச்சரிக்கையையும் கணக்கில் சேர்த்து, கூரியரில் போய் வர வேண்டிய எதற்கும் கூடுதலாக ஒரு வாரம் விட்டுவைப்பது நல்லது.

விரல் அளவை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன். நம் கரையோர வெக்கையில் மதியத்துக்கு மேல் விரல் சற்றே உப்பும், விடிகாலையில் இளைத்திருக்கும். வலக்கை விரலும் இடக்கை விரலும் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மோதிரப் பட்டை அகலமாக இருந்தால், மெல்லிய வளையத்துக்குச் சரியாக இருந்த அளவு அதற்கு இறுக்கமாகிவிடும். நூலைச் சுற்றி அளந்தால் இவை எதுவும் பிடிபடாது. எனவே கடையில் இருந்த அளவு வளையக் கொத்தை வாங்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய், எந்தக் கையில் போடப் போகிறோம் என்பதை அவளிடமே கேட்டு அளந்தேன். பிறகு அதே அளவிலும் அதே அகலத்திலும் ஆசாரி பித்தளையில் ஒரு வெற்று வளையம் தட்டிக் கொடுத்தார். அதை ஓர் இரவும் பகலும் போட்டுப் பார்த்துவிட்டு, "கணுவில் கொஞ்சம் இறுக்குது லாத்தா, உள்ளே போனதும் சரியா இருக்கு" என்றாள் பெண். மோதிரம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அளவை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் முத்து. முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அமிலம் பட்டால் அரிக்கும், நெருப்பு பட்டால் நிறம் கெட்டு வெடிக்கும். பொன் வேலையிலோ பற்றவைப்பதும், அமிலத்தில் போட்டு எடுப்பதும், மெருகு போடுவதும் இல்லாமல் முடியாது. ஆகவே முத்து எல்லா வேலையும் முடிந்த பிறகே மோதிரத்தில் ஏறும். ஏறிய பிறகு அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் முதலில் முத்தைக் கழற்றியாக வேண்டும். வைரமோ சிவப்புக் கல்லோ வைத்த மோதிரத்துக்கு நிச்சயத்துக்கு முந்தின வாரம்கூட ஒரு திருத்தம் செய்துவிடலாம். முத்து மோதிரத்தில் அதற்கு இடமில்லை.

எங்கள் முத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆசாரி அதைக் கறுப்புத் துணியின் மேல் வைத்து, விரல் நுனியால் மெதுவாக உருட்டிப் பார்த்தார். மாலையில் கோத்திருந்த முத்து என்பதால் துளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடியது; பல வருடம் நூல் உராய்ந்ததில் துளையின் வாய் லேசாகத் தேய்ந்திருந்தது. துளையில்லாத முத்து என்றால் பாதி ஆழம் மட்டும் துளைத்து, மோதிரத்தின் கிண்ணத்தில் நிற்கும் பொன் முள்ளில் பசை தடவி இறக்கிவிடலாம். மேலே எதுவும் தெரியாது. இதில் மேல் துளை தெரிந்தே தீரும். துளையைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பது ஒரு வழி. அதைவிட அவர் சொன்ன மற்றொரு வழி எனக்குப் பிடித்தது. பொன் முள்ளின் தலையில் கடுகளவு மணி ஒன்றை முதலிலேயே பற்றவைத்துக்கொண்டு, முள்ளை மேலிருந்து முத்தின் வழியாக இறக்கி, கிண்ணத்தின் அடியில் மெதுவாகத் தட்டி அடைத்துவிடுவது. தேய்ந்த வாய் மணிக்கு அடியில் மறைந்துவிடும். பசையை மட்டும் நம்பியும் முத்து இருக்காது. ஆனால் மேலே பொன் மணி வருகிறது என்பதால் வரைபடம் மாறியது. மாறிய வரைபடத்தைத் தம்பிக்கும் பெண் வீட்டாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர்கள் பெரியவர்களைக் கலந்து பதில் சொல்லும் வரை பொறுத்திருந்தோம். வீட்டில் இருக்கும் பழைய கல்லையோ முத்தையோ வைத்துச் செய்ய விரும்புபவர்கள், வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அதை ஆசாரியிடம் காட்டிவிடுவது நல்லது. முத்தைக் கொடுக்கும்போது அதன் எடையையும் விட்டத்தையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டேன். இதைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல கடைக்காரர்கள் தாங்களே எழுதிக் கொடுப்பார்கள்.

தங்கத்துக்கு உம்மாவின் பழைய வளையல் ஒன்றைக் கொடுத்தோம். அதையே உருக்கி மோதிரமாக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பழைய நகையில் இணைப்புகளைப் பற்றவைத்த பொடி, அதாவது தரம் குறைந்த உலோகக் கலவை, கலந்திருக்கும் என்பதால், அப்படியே உருக்கினால் மாற்று (தங்கத்தின் தூய்மை) குறைந்து ஹால்மார்க் சோதனையில் தேறாது; சுத்தம் செய்து, வேண்டிய அளவு செம்பும் வெள்ளியும் சேர்த்த பிறகே வேலைக்கு ஆகும். அன்றைய விலைக்குக் கடையில் மாற்றிக்கொண்டால் இந்த நாள்கள் மிச்சமாகும். உம்மாவின் மனதுக்காக நாங்கள் காத்திருந்தோம். 22 காரட்டில் முள் வளைந்துவிடும் என்று ஆசாரி சொன்னதால் 18 காரட்டில் செய்வது என்று முடிவாயிற்று.

இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. எங்கள் மோதிரம் அதற்கு மேல் இருந்ததால் முத்திரை தேவைப்பட்டது. பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற்ற கடையின் வழியாகத்தான் நகை முத்திரைக்காகச் சோதனை மையத்துக்குப் போக முடியும். தனியாக உட்கார்ந்து வேலை செய்யும் ஆசாரியிடம் நேரடியாகக் கொடுப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் மோதிரத்தை முத்து ஏற்றாமல் மதுரைக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு மோதிரத்துக்காக யாரும் தனியாகப் போவதில்லை; கடையின் மற்ற நகைகளும் சேர்ந்த பிறகே போகும். ஆகவே இங்கே ஒரு வாரத்தை ஒதுக்கி வைத்ததுடன், நிச்சயத்துக்கு முன்பு இரண்டு வாரம் எதுவும் நடக்காத நாள்களாக விட்டுவைத்தேன். முத்து ஏறி, பசை காய்ந்து, கையில் வாங்கிய பிறகும் ஏதேனும் சரிசெய்ய வேண்டி வந்தால் அதற்கான நாள்கள் அவை.

வாங்கும்போது பட்டையின் உள்பக்கத்தில் பி.ஐ.எஸ். சின்னம், 18 காரட்டைக் குறிக்கும் 750 என்ற எண், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்களில் வரும் ஹெச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாள எண் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தேன். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை அந்த அடையாள எண் இல்லாமல் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணை அடித்துப் பார்த்து, கடையின் விவரமும் மாற்றும் சரியாக இருந்த பிறகே பாக்கித் தொகையைக் கொடுத்தேன். பில்லில் தங்கத்தின் எடையையும் முத்தின் எடையையும் தனித்தனியாகப் போடச் சொன்னேன். பிற்காலத்தில் விரல் பருத்து அளவு கூட்ட நேர்ந்தால் முத்திரை இருக்கும் இடத்தில் வெட்டாமல் எதிர்ப்பக்கத்தில் வெட்ட வேண்டும் என்பதையும், அதற்கு முன்பு முத்தை எப்படிக் கழற்றுவது என்பதையும் ஆசாரி ஒரு தாளில் வரைந்து கொடுத்தார். அந்தத் தாளையும் பில்லையும் மோதிரப் பெட்டியுடன் பெண்ணிடம் ஒப்படைத்தோம்.