14ஆம் கோப்பு

ஜூன் 2
கரண்ட் விடியற்காலை 5 மணிக்கு வந்து 9 மணிக்குப் போய்விட்டது. அதற்குள் அப்பத்தாவின் பேச்சுப் பதிவில் மூன்று கோப்பை, பேச்சை எழுத்தாக்கும் மாடலில் ஓட்டினேன். 14ஆம் கோப்பில் 6 நிமிடம் 12ஆம் விநாடி. 'வேணும்' என்கிறாளா, 'வேணாம்' என்கிறாளா? மறுபடியும் அங்கேயே நிற்கிறேன்.

ஜூன் 3
அப்பத்தாவுக்கு இருமல் குறையவில்லை.

ஜூன் 5
லேப்டாப் பேட்டரி சாகும்வரை, ஒலியைக் கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும் என்று நினைப்பவர்கள் இதை ஒருதடவை பார்க்கவேண்டும். 'அங்கவந்துநின்னான்' முழுக்க ஒரே கறுப்பு. எந்த இடத்தில் வெட்டுவது? 'அப்பத்தா' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்ளோ இரண்டு வெள்ளைப் பள்ளம். ப்ப-வில் உதடு மூடியிருக்கிற நேரம் ஒன்று, த்த-வில் நாக்கு பல்லில் ஒட்டியிருக்கிற நேரம் இன்னொன்று.

தொல்காப்பியருக்கு இந்தத் தலைவலி தெரியும். எழுத்து ஒன்றாகவே இருந்து பொருள் மட்டும் வேறாகும் புணர்ச்சியை ஓசையால்தான் பிரித்தறிய வேண்டும் என்று எழுத்ததிகாரத்தில் சூத்திரமே வைத்திருக்கிறார். உரைகாரர்கள் காட்டுவது செம்பொன்பதின்தொடி. செம்பொன் பதின்தொடி என்றால் தங்கம். செம்பு ஒன்பதின்தொடி என்றால் வெறும் செம்பு.

பொன்னா, செம்பா. வேணுமா, வேணாமா.

ஜூன் 6
11ஆம் கோப்பில் அப்பத்தா பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வருகிறது. தெருவே 'மீ லாபீ!' என்று கத்துகிறது, பர்மிய மொழியில் 'கரண்ட் வந்தாச்சு'. மாடல் எழுதியது: 'மிலாடி நபி'. பாவம், அது படித்ததெல்லாம் இந்தியத் தமிழ். காதில் பாதி விழும், மீதியை எது அடிக்கடி வருமோ அதை வைத்து ஊகித்துக்கொள்ளும். ரங்கூன் தெரு அதன் ஊகத்தில் இல்லை. 'ஸே குடிச்சேன்' (பர்மிய மொழியில் ஸே என்றால் மருந்து) என்று அவள் சொன்னது 'சே குடிச்சேன்' ஆகியிருக்கிறது. அந்த மருந்தின் கசப்புக்கு அதுவும் சரிதான்.

அப்பத்தாவிடம் சொன்னேன். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அரைமணி நேரம் அடங்கவில்லை. சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 9
மாடலின் பிழை விகிதம் இறங்கியிருக்கிறதாம், இந்த வேலையைக் கொடுத்த சாருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு எரிச்சல்.

என்ன பெரிய கணக்கு அது? தப்பாய்ப் போட்டது, விட்டுவிட்டது, இல்லாததைச் சேர்த்தது, மூன்றையும் கூட்டிப் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நான் 'வந்துகொண்டிருந்தான்' என்று சேர்த்து எழுதி, மாடல் 'வந்து கொண்டிருந்தான்' என்று பிரித்துவிட்டால் இரண்டு பிழை. 'வரவேணும்னான்' என்பதை 'வரவேணாம்னான்' என்று எழுதினால் ஒரே ஒரு பிழை. ஒரு குடும்பம் கப்பல் ஏறுவதைவிட ஸ்பேஸ் பாருக்கு மதிப்பு அதிகம்!

14ஆம் கோப்பில் 5 நிமிடம் 40இல் அப்பத்தா, பர்மாவில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போன 1964 மே மாதத்தைச் சொல்கிறாள். மாடல் ஓர் எழுத்து பிசகவில்லை. அப்புறம் நோட்டை அடுப்பில் போட்டது. அப்புறம் அண்ணன், மெட்ராஸ் கப்பல், 'எங்களை வரவே...' அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர். தனியாகச் சொன்னால் 'ணு'வையும் 'ணா'வையும் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும். ஓட்டத்தில் இரண்டும் நசுங்கி ஒரு முனகல் ஆகிவிடுகின்றன.

ஜூன் 10
வேணும். ஹெட்போனில் இருபது தடவை கேட்டாயிற்று. வேணும்தான்.

ஜூன் 11
வேணாம்.

ஜூன் 13
வாடகைக்கு ஆக்சிஜன் மெஷின் வந்துவிட்டது. இன்வெர்ட்டர் இனி அதற்குத்தான். லேப்டாப் கரண்ட் இருக்கும்போது மட்டும்.

சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்குகிறாள். "தண்ணி." மூச்சு. "வேணாம்." மூச்சு. "சன்னல்." 1990இல் வந்த டிராகன் டிக்டேட் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்கு இப்படித்தான் பேச வேண்டுமாம், ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி. நிறுத்தாமல் பேச விட்ட நேச்சுரலி ஸ்பீக்கிங் 1997இல்தான் கடைக்கு வந்தது. கிண்டியில் படித்துவிட்டு அமெரிக்கா போன ராஜ் ரெட்டியின் குழு, தொடர்ந்து பேசுவதைப் புரிந்துகொள்ள ஹார்ப்பி என்ற மென்பொருளை 1976இல் பழக்கியபோது அதற்குத் தெரிந்தது 1,011 சொல். இத்தனை பேர் இத்தனை வருஷம் துரத்திப் பிடித்த ஓட்டம். அப்பத்தா இப்போது 1990க்குப் போய்விட்டாள்.

இன்றைய மாடலுக்கு நிறுத்திப் பேசினால் ஆவதில்லை. வெறும் நிசப்தம் கிடைத்தால் தானாக எதையாவது எழுதி நிரப்புகிறது. நேற்று அவள் மூச்சு வாங்கிய இடத்தில் 'நன்றி, வணக்கம்' என்று போட்டிருந்தது.

அழித்தேன்.

ஜூன் 14
மழை. காளி கோயில்வரை போய்வந்தேன். சாமி கும்பிடும்போதும் பூசாரி சொல்வதை எங்கே வெட்டலாம் என்றுதான் காது தேடுகிறது.

ஜூன் 16
கேட்டேவிட்டேன். "அப்பத்தா, உங்கண்ணன் கப்பல் ஏறும்போது வரவேணும்னு சொன்னாரா, வேணாம்னு சொன்னாரா?"

வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த." மூச்சு. "அண்ணன்டா."

ஜூன் 17
சார் நாளைக்குள் கேட்கிறார். 6:12இல் 'தெளிவில்லை' என்று குறித்து அனுப்பினேன். கணக்கில் அது பிழையும் இல்லை, சரியும் இல்லை. அந்தச் சொல்லையே எடுத்துவிட்டுத்தான் எண்ணுவார்கள்.

ஜூன் 18
இரவு 8.40. மீ லாபீ. மெஷினை பிளக்குக்கு மாற்றியாச்சு. 22ஆம் கோப்பு ஓடுகிறது, அதில் அவள் ஏதோ பாடுகிற